சீலைத் துணி கட்டிய களா

எனக்கு ஆடு என்றாலே ஆகாது. சட்டியில் வேகிற ஆட்டைச் சொல்லவில்லை. நாலு காலோடு என் தோட்டத்துக்குள் நுழைகிற ஆட்டைச் சொல்கிறேன். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே செம்மண் மேட்டில் சபைப் பள்ளிக்கூட வாத்தியார்களுக்காகக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அதற்கு அப்பால் வெறும் காடு. காடு என்றால் மரமடர்ந்த காடு இல்லை. பாறையும் முள்ளும் ஆடுகளும்தான்.

நான் அம்பாசமுத்திரத்துப் பெண். வாய்க்கால் தண்ணீர் வாசலில் ஓட வளர்ந்தவள். எங்கள் ஊரில் வேலிக்கு ஊன்றிய குச்சிகூடத் தளிர்த்துவிடும். அந்தத் தைரியத்தில் புது வீட்டில் கத்தரி வைத்தேன், வெண்டை வைத்தேன், அகத்திக்கீரை வைத்தேன். எல்லாம் முழ உயரம் வந்ததும் ஆடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. உடைமுள்ளை வெட்டி வேலி போட்டோம். ஒரு மழைக்குள் கறையான் அதைத் தின்று தீர்த்தது. என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் எப்படியோ, வீட்டில் ஆட்டைக்கூட "போங்க, போங்க" என்று மரியாதையாக விரட்டுகிற மனுஷன். பொய் சொல்லத் தெரியாது. நான் வைத்த குழம்பில் உப்பு கூடினால், "கூடத்தான் செய்யுது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அந்த ஒரு குணத்துக்காக நான் அவரை எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருக்கிறேன்!

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. வேதக்கோயிலில் எனக்கு முன்வரிசையில் இருக்கிற பெண்கள் இடுப்புப் பிள்ளையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளாமல் மடியில் போட்டு முந்தானையால் மறைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்கா தெரியாது?

உயிர் வேலிதான் வேண்டும், அதுவும் காய்க்கிற வேலியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த ஏழாம் வருஷத்தில்தான். யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முந்தி என்று ஞாபகம். பெண்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் துரைசானி என் ஆசையைக் கேட்டுவிட்டு, அவர்கள் தேசத்துப் பழச்செடி என்று நாலு குச்சிகளை ஈரப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். பனியிலும் சாகாத செடி என்றார்கள். பனியில் சாகாது, சரி. எங்கள் சித்திரை வெயிலுக்கு என்ன செய்யும்? பானைத் தண்ணீரும் தென்னங்கீற்று நிழலுமாகப் பிள்ளைபோலப் பார்த்தேன். பங்குனியில் ஒன்று, சித்திரையில் மூன்று, வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. துரைசானி வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தமில்லை, கோபம். இத்தனை வெயிலிலும் வேலிக்கு அப்பால் எவனும் தண்ணீர் ஊற்றாமல் ஏதேதோ பச்சையாக நிற்கிறதே, அதை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்த குச்சியைக் கட்டிக்கொண்டு அழுதேனே என்று என்மேலேயே கோபம்.

எதை வைப்பது என்று யோசித்தேன். இலந்தை வேகமாக வளரும். ஆனால் மரமாகி நிழல் விழுந்துவிடும், பழத்தைப் பிட்டால் பாதிக்குப் பாதி புழு. சூரைமுள் நல்ல முள்தான். பழம் மிளகு அளவு. காரை பார்க்க அழகு, ஆடு மென்றுவிடும். கடைசியில் நின்றது களா. போர்டிங் பள்ளியில் படித்த நாளில் களாப்பழம் பறித்துத் தின்றுவிட்டு, உதட்டில் ஒட்டிய பாலும் ஊதாக் கறையுமாக வந்து எத்தனை முறை முழங்காலில் நின்றிருக்கிறேன்! காயில் ஊறுகாய் போடலாம். பழுத்தால் அப்படியே தின்னலாம். பூ மல்லிகை வாசம் அடிக்கும். முள் இரண்டு இரண்டாகப் பிரிந்து நிற்கும், கையை விட்டால் லேசில் எடுக்க முடியாது. கோடையில் ஒரு இலை உதிராது. எனக்கு இன்றைக்கும் களாவைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். கும்பிடு என்ற அந்த வார்த்தையைத்தான் பிறகு ஒரு நாள் என்னால் வாயில் எடுக்க முடியாமல் போனது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆடி மாதம், காய் பழுக்கிற சமயம், நான் காட்டுக்குப் போனேன். அங்கே என் எதிரியே எனக்குத் துணையாக வந்தாள். என் கத்தரியைத் தின்ற ஆடுகளின் சொந்தக்காரி. என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை.

"என்னம்மா, வாத்தியாரம்மா, எங்க ஆட்டை அடிக்கவா இம்புட்டுத் தூரம் வந்திய?" என்றாள்.

"அடிச்சாத்தான் என்ன? என் வீட்டுக் கீரையைத் தின்னு கொழுத்துப் போய்க் கெடக்கு."

"எங்க ஆடு எதையும் விடாதும்மா. களாவை மட்டும் தொடாது. வேணும்னா வச்சுப் பாருங்க."

நான் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் ஆட்டை நிறுத்துகிற வேலிக்குத் தானே செடி காட்டினாள் அந்தப் புண்ணியவதி. அவள் செடியைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் கண்டதில்லை. ஓடைக்கரையில் தளதளவென்று நின்ற புதரை நான் தொட்டதும், "அது வேண்டாம்மா, அதுக்கு அங்கன தண்ணி கெடக்கு. உங்க மேட்டுல வந்தா ஒரு வாரத்துல மூஞ்சியத் தொங்கப் போட்டுரும். பாறை மேல நிக்கில்லா, அதைப் பாருங்க" என்றாள். பாறை இடுக்கில் குட்டையாக, இலை தடித்து, மினுமினுவென்று நின்ற புதர் ஒன்று. பழத்தைப் பறித்து வாயில் போட்டேன். பால் பிசின் இல்லை, புளிப்பு குறைவு, சதை கூடுதல். இன்னொன்று, மேட்டின் உச்சியில் முழு வெயிலில் நின்றது; பழம் சிறியது, ஆனால் கிளை தெரியாமல் காய்த்திருந்தது. முதலாவது பழத்துக்கு, இரண்டாவது ஊறுகாய்க்கு என்று மனதில் பிரித்துவிட்டேன்.

அப்போதே பிடுங்க முடியாது. தரையில் படிந்த கிளைகள் வேர் விட்டிருக்கும். அவற்றை மழை விழுந்து மண் நெகிழ்ந்த பிறகு வெட்டி எடுத்து நட்டால்தான் பிழைக்கும். விதையில் வருவது தாயைப் போல இருக்கும் என்று நம்ப முடியாது. ஆனால் ஐப்பசியில் எந்தப் புதரிலும் பழம் இருக்காது. எல்லாக் களாவும் ஒன்றுபோல நிற்கும். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் ஒரு பழைய சீலையின் கந்தல் இருந்தது, பழம் கட்டிக்கொண்டு போகக் கொண்டுவந்தது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கட்டம். அதைக் கிழித்து அடையாளம் கட்டினேன். மொத்தம் மூன்று புதரில் கட்டினேன்.

ஐப்பசி மழை நின்ற ஒரு சனிக்கிழமை, கடப்பாரையும் சாக்குமாக நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பாறைப் புதரில் என் துணி நனைந்து தொங்கியது. ஏழு வேர்க்கிளை எடுத்தார். உச்சிப் புதரிலும் துணி இருந்தது. அதில் ஆறு. "மூணாவது எங்கன?" என்றார். கீழே பள்ளத்தைக் காட்டினேன்.

பள்ளத்தில் இறங்கினோம். அந்தப் புதர் முழுக்கத் துணி. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக முப்பது நாற்பது இருக்கும். அடியில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. பூ, கற்பூரக் கரி, குச்சியால் செய்த சின்னத் தொட்டில் ஒன்று. நடுவில், எல்லாவற்றுக்கும் மூத்ததுபோல, என் கத்தரிப்பூச் சீலைத் துணி.

எங்கள் பக்கத்தில் யாராவது ஒரு மரத்தில் துணியைக் கட்டிவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். யாரோ எதற்கோ வேண்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று அடுத்தவரும் கட்டிவிடுவார்கள். அம்பாசமுத்திரம் போகிற வழியெல்லாம் நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லையே!

அவர் புதரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூணையும் அடையாளத்துக்குத்தான் கட்டுனேன்" என்றேன்.

"சரி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் ஊரெல்லாம் ஆகிவிட்டது. சபையில் வேதம் போதிக்கிற உபதேசியாரின் மனைவி, அந்தப் பக்கம் வீடு வீடாக ஜெபம் பண்ணப் போனவள், துணியைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு என் முகம் மறந்தாலும் மறக்கும், என் சீலை மறக்காது. "வாத்தியாரம்மா சீலைல்லா இது! பிள்ளை வரம் கேட்டுப் பேய்க்குத் துணி கட்டியிருக்காளே!" என்று ஒரு வீடு விடாமல் சொல்லியிருக்கிறாள். ஆட்டுக்காரியிடமும் கேட்டிருக்கிறாள். "எனக்கு என்னம்மா தெரியும்? நான் ஆட்டைல்லா பாத்துக்கிட்டு நின்னேன்" என்று அவள் கையை விரித்துவிட்டாளாம். நல்லவள்.

ஆராதனை முடிந்ததும் குருவானவர் எங்கள் இருவரையும் நிறுத்திக்கொண்டார். சபை வாத்தியார் வீட்டுப் பெண் அன்னிய வழிபாடு செய்தாள் என்று ஏற்பட்டால், கோயிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணையிலிருந்து என்னை விலக்குவார்கள். என் வீட்டுக்காரர் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். பிறகு நான் எந்தச் சபையில் போய் உட்கார்ந்தாலும் பேய்க்குத் துணி கட்டிய மலடி என்ற பேர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் அந்தச் சின்ன அறையில் நிற்கிறபோதே எனக்குத் தெரியும்.

"அந்தத் துணியை யார் கட்டுனது?" என்று கேட்டார் குருவானவர்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"நான்தான் கட்டுனேன், ஐயா" என்றார் என் வீட்டுக்காரர்.

உப்பு கூடினால் கூடினது என்று சொல்கிற மனுஷன்!

"நீரா? எதுக்கு?"

"வேலிக்குக் களா வைக்கணும்னு. நல்ல புதருக்கு அடையாளம். பிறத்தியார் வந்து துணி கட்டுவாங்கன்னு நினைக்கல. தப்புதான்."

குருவானவர் கெட்டவர் இல்லை. ஆனால் சபை பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்குள் கட்டினவரே போய்த் துணிகளை எல்லாம் அறுத்துப் புதரை வெட்டி எரித்துவிட்டு வந்து சொல்லவேண்டும், இல்லையென்றால் மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் தனியாகப் போனார். என்னை வரவேண்டாம் என்றார். மதியம் திரும்பியபோது தோளில் ஒரு சாக்கு. அதற்குள் ஒரே ஒரு களாச்செடி, வேர்மண் உதிராமல் என் கத்தரிப்பூத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. "மூணாவதுலயும் ஒண்ணு எடுத்தேன். நீ பாத்து வச்சதுதானே" என்று சொல்லி, அடுக்களை வாசலுக்குப் பக்கத்தில் அவரே குழி தோண்டி நட்டார்.

மறுநாள் குருவானவரிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"என் துணியை அவுத்துட்டேன், ஐயா. மத்தத் துணியெல்லாம் நான் கட்டல. புதரும் நான் நட்டதில்ல. அங்க நாலு பொம்பளைங்க நின்னாங்க, ஒருத்தி பிள்ளைத்தாச்சி. அவங்க கண்ணு முன்னால அதை வெட்ட எனக்குப் பாத்தியதை இல்ல."

குருவானவர் எங்களை முழங்காலில் நிறுத்தி ஜெபித்தார். வேலை தப்பியது. ஆனால் சொன்னதைச் செய்யாததற்காக மூன்று மாதம் அவரை நற்கருணைக்கு வரக்கூடாது என்று நிறுத்திவைத்தார். என்னை இல்லை, அவரை.

அடுத்த மாதம் நற்கருணை ஞாயிறு வந்தது. நான் எழுந்து போனேன். அவர் ஆண்கள் பக்கம், காலியான பெஞ்சில், தனியாக, நேராக உட்கார்ந்திருந்தார். அப்பம் வாங்கப் பீடத்துக் கிராதிக்கு முன்னால் முழங்காலில் இருக்கிறபோது என் முதுகு முழுவதும் அவர் இருந்தார். அதற்கடுத்த மாதம் எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன். புருஷனுக்காக இருக்கிறாள் என்று சபையில் மெச்சிக்கொண்டார்கள். அதைக் கேட்கக் கேட்க நான் கூனிக் குறுகிப் போனேன்.

வேலி வளர்ந்த கதையைச் சொன்னால் அவர் பெருமையைத்தான் சொல்லவேண்டும், கேலியையும் சொல்லவேண்டும். ஆடு வருகிற தெற்குப் பக்கம் நூல் பிடித்து, குழிக்குக் குழி மூன்று முழம் அளந்து, பதின்மூன்று செடியையும் வகுப்பில் பையன்களை நிறுத்துவதுபோல வரிசையாக நட்டார். முதல் கோடை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு செம்பு தண்ணீர், பிறகு கண்டுகொள்ளக் கூடாது என்று ஆட்டுக்காரி சொல்லியிருந்தாள். இவருக்கு மனசு கேட்குமா? நான் அசந்த நேரம் பார்த்துக் குடம் குடமாக ஊற்றுவார், சாணம் போடுவார். செடி இலையும் கிளையுமாகக் கொழுத்தது; பூ மட்டும் இல்லை.

"இங்கேருங்க, இப்படிச் செல்லம் குடுத்தா அது எதுக்குக் காய்க்கும்? சாகப்போறேன்னு அதுக்கு ஒரு பயம் வரணும்" என்று சண்டை போட்டுக் குடத்தைப் பிடுங்கி வைத்தேன். மூன்றாம் வருஷம் தண்ணீரை நிறுத்தி, மழைக்கு முன் நுனியைக் கத்தரித்துவிட்டேன். மாசியில் வேலி முழுக்க வெள்ளைப் பூ. ராத்திரி இல்லை பகல் இல்லை, வாசம். என்ன செடி அது! பாறைப் புதரின் பிள்ளைகள் பழத்துக்கு, உச்சிப் புதரின் பிள்ளைகள் ஊறுகாய்க்கு, தாய் எப்படியோ அப்படியே காய்த்தன. குருவானவர் வீட்டுக்கு ஒரு பரணி ஊறுகாய் போனது. உபதேசியாரம்மாவுக்கும் கொடுத்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள். ஆடுகள் வேலிக்கு அப்பால் நின்று என் கத்தரியைப் பார்த்துவிட்டுப் போயின. ஆட்டுக்காரி வந்து பார்த்து, "எங்க வயித்துல அடிச்சிட்டியளே" என்று சிரித்தபடி மடி நிறையப் பழம் பறித்துக்கொண்டு போனாள். நானும் வெட்கமில்லாமல் வேலியைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

அடுக்களை வாசல் களா மட்டும் காய்க்கவில்லை. பூவும் இல்லை. நான் எதிர்பார்த்ததுதான் அது.

இப்போது சொல்லிவிடுகிறேன். மூன்றாவது புதரில் ஆடியிலேயே ஒரு பழம் கிடையாது. வெளுத்துப்போன ஒரே ஒரு நாடாத்துணி மட்டும் அதில் இருந்தது. ஆட்டுக்காரி தன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "நான் இங்கனதான் கட்டுனேன், யம்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டைத் திருப்பப் போனாள். நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. கட்டிவிட்டேன். சபையில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, வேதத்தைத் தலைகீழாகச் சொல்கிற நான், அழுதுகொண்டே கட்டினேன். குருவானவர் முன்னால் வாய் அடைத்துப் போனது பயத்தால் மட்டும் இல்லை.

நாலாம் வருஷம், ஐந்தாம் வருஷம். மற்றதெல்லாம் காய்த்துக் கொட்டுகிறது, இது மட்டும் பச்சையாக, சும்மா நிற்கிறது. காய்க்காத புதருக்கு இவள் ஏன் அடையாளம் கட்டினாள் என்று கணக்கு வாத்தியாருக்குத் தோன்றாமலா இருக்கும்? என்றைக்குக் கேட்பார் என்று ஒவ்வொரு ஆடியிலும் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளையும் பிறக்கவில்லை.

கடைசியில் என்னால்தான் முடியவில்லை. ஒரு நாள் காலையில் அவர் அந்தச் செடிக்கு நுனி கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"அது காய்க்காது. வெட்டிப் போடுங்க" என்றேன்.

"கெடக்கட்டும். உன் வாசலுக்கு நிழல் தருதுல்லா."

"நான் அதை அடையாளத்துக்குக் கட்டல" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கத்தரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. அவுக்கப் போனேன்லா. மத்த ரெண்டுலயும் நீ ஒத்த முடிச்சு போட்டிருந்த. இதுல மூணு முடிச்சு. அவுக்கவே முடியல, பல்லால கடிச்சுப் பைய இழுத்தேன்."

தெரிந்துகொண்டுதான் அதை எடுத்துவந்து வாசலில் நட்டிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் மூன்று மாதம் அந்தக் காலி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்காக, நீங்க கட்டுனதா ஐயாகிட்டப் பொய் சொல்லிட்டீங்களே" என்றேன்.

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சுச் சொன்னேன். முடிச்ச அவுக்கும்போதுதான் தோணிச்சு. நீ ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே கட்டியிருப்ப? அப்ப அது எப்படிப் பொய்யாகும், ஏளா?"

சொல்லிவிட்டுக் குனிந்து, மிச்சக் கிளையையும் கத்தரித்தார். நான் அடுக்களைக்குள் போய் அவருக்குக் கஞ்சி எடுத்து வைத்தேன்.